பல்கலைக்கழகமும் நுணுக்குக்காட்டியும்: ஒரு கருவியைப் பெறுதல் என்பதன் சமூகப் பொருள்

பல்கலைக்கழகம் ஒன்று உயர்தர ஒளி நுணுக்குக்காட்டி ஒன்றைப் பெற்றுக்கொள்வது பெரும்பாலும் நிருவாகச் செய்தியாகவே நோக்கப்படுகின்றது. விலைமனு கோரப்படுகின்றது, பெட்டிகள் வந்திறங்குகின்றன, பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகின்றது, ஆண்டறிக்கையில் ஒரு பந்தி இடம்பெறுகின்றது. அதன் பின்னர் அக்கருவியை யார் யார் கையாண்டனர், எவ்வினாக்களுக்கு அதன்வழி விடை தேடப்பட்டது, அது பழுதுற்றபோது யார் திருத்தினர் என்பன பேசப்படுவது அரிது.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் இவ்விடயம் பற்றி எழுதப் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், ஓர் இலக்கிய ஆக்கத்தை அது தோன்றிய சமூகத்தினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பதை ஏற்றுக்கொண்டோர், ஒரு கருவியையும் அதனை ஆக்கிய உழைப்பினின்றும், அது சென்று சேரும் சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பதை ஏற்றல் வேண்டும். இவ்வகையில் நோக்குமிடத்து, நம்மிடையே நிலவும் இரு கருத்துகள் பரிசீலனைக்குரியனவாகின்றன. உயர்தரக் கருவி வந்துவிட்டால் உயர்தர ஆய்வும் உடன் வந்துவிடும் என்பது ஒன்று. சாதாரண நுணுக்குக்காட்டியே இல்லாத கிராமப்புறப் பாடசாலைகளும் தோட்டப் பாடசாலைகளும் இருக்கும் நாட்டிற் கோடிக்கணக்கில் விலைபோகும் கருவி வெறும் ஆடம்பரம் என்பது மற்றையது. முன்னது நிருவாகிகளிடத்தும் பின்னது முற்போக்காளரிடத்தும் மிகுதியாகக் காணப்படுவது. ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினும், கருவியை விலைச்சீட்டு ஒட்டப்பட்ட வெறும் பொருளாகக் காணும் வகையில் இவை இரண்டும் ஒன்றேயாம். மனிதரிடையேயான உறவுகள் பொருள்களின் இயல்புபோலத் தோற்றமளிக்கும் மாயையை மார்க்ஸ் விளக்கியது இங்கு நினைவுகூரத்தக்கது.

கருவியை விலைக்கு வாங்குதல் வேறு. அதனை ஒரு சமூகம் தனதாக்கிக்கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை நுணுக்குக்காட்டியின் வரலாற்றுக்கூடாகவும், நம் நாட்டில் அது ஆற்றிய பணிக்கூடாகவும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. யேனா: பல்கலைக்கழகமும் பட்டறையும்

நவீன ஒளி நுணுக்குக்காட்டியின் வரலாறு ஜேர்மனியின் யேனா நகருடன் பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளது. கார்ல் சைஸ் 1846இல் அங்கு ஒரு பட்டறையைத் தொடங்கினார். யேனாப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளரும் மருத்துவரும் அப்பட்டறையின் வாடிக்கையாளராயினர். அக்காலத்தில் வில்லைகளைத் தேர்ந்து பொருத்துவது முற்றிலும் கைப்பழக்கத்திலேயே தங்கியிருந்தது. தேர்ந்த தொழிலாளி பல வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, தெளிவான உருவம் கிடைத்ததும் நிறுத்திக்கொள்வான். ஒரு கருவி நன்றாக அமைந்ததேன், மற்றொன்று அவ்வாறு அமையாததேன் என்பதற்கு அவனிடமும் விடை இருக்கவில்லை; பேராசிரியரிடமும் விடை இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியவர் ஏர்ண்ஸ்ற் அபே. 1840இல் ஐசனாக்கில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இவர். தந்தை நாள்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணிநேரம் நின்றபடியே உழைத்தார். மதிய உணவை ஆலைக்குக் கொண்டுசென்ற சிறுவன், இயந்திரத்திற் சாய்ந்தவாறு தந்தை அதனை அவசரமாக உண்பதைக் கண்டு வளர்ந்தான். ஆலை உரிமையாளரின் உதவியுடன் கல்வி கற்று, 1863இல் யேனாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரான அபே, 1866இல் சைஸின் பட்டறையுடன் இணைந்தார். 1872இல், முன்கூட்டியே கணித்து வடிவமைக்கப்பட்ட பொருள்வில்லைகள் அப்பட்டறையிலிருந்து வெளிவந்தன. 1873இல் அவற்றுக்கு அடிப்படையான கோட்பாட்டை அபே வெளியிட்டார்.

கணிதம் பட்டறைக்குள் புகுந்தமை மட்டும் போதியதாயிருக்கவில்லை. கணிப்பு வேண்டிய கண்ணாடி உலகில் இருக்கவில்லை. கண்ணாடி செய்யும் குடும்பத்திற் பிறந்த இரசாயனவியலாளரான ஒற்றோ ஷொற் 1882இல் யேனாவுக்கு வந்தார். 1884இல் அங்கு கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. புதிய கண்ணாடி வகைகளைக் கொண்டு, நிறப்பிறழ்வு பெருமளவு நீக்கப்பட்ட பொருள்வில்லைகள் 1886இல் வெளிவந்தன. கோட்பாடு, மூலப்பொருள், கைத்திறன் ஆகிய மூன்றும் ஒரே நகரில், ஒன்றையொன்று கேள்விகேட்கும் தொலைவில் இருந்தமையே யேனாவின் வெற்றிக்கு அடிப்படை எனலாம். பல்கலைக்கழகம் வெறும் கொள்வனவாளராக நிற்கவில்லை. உற்பத்தியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

சைஸின் மறைவின் பின்னர் அபே செய்தவையும் கவனத்திற்குரியன. 1889இல் கார்ல் சைஸ் அறநிறுவனத்தை நிறுவி, 1891இல் தமது பங்குகளை அதற்கே மாற்றினார். 1896இல் வகுக்கப்பட்ட அதன் யாப்பு, சம்பளத்துடனான விடுமுறையை உறுதிசெய்தது. நிறுவனத்தின் மிக உயர்ந்த சம்பளம் தொழிலாளியின் சராசரி வருவாயின் பத்து மடங்கை விஞ்சலாகாது என விதித்தது. 1900இல் எட்டுமணி வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. இலாபத்தின் ஒரு பகுதி யேனாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. வேலைநேரத்தைக் குறைத்தபோதும் உற்பத்தி குறையவில்லை என்பதை அபே தாமே கணக்கிட்டுக் காட்டினார்.

இதனை மிகைப்படுத்தலும் தவறாகும். அபே சீர்திருத்தவாதியேயன்றிப் புரட்சியாளரல்லர். ஒரு தொழிற்சாலையின் உடைமை மாறியதால் அதனைச் சூழ்ந்த முதலாளித்துவ அமைப்பு மாறிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அதே நிறுவனம் படைக்கலன்களுக்கான ஒளியியற் கருவிகளைச் செய்தது. கட்டாய உழைப்பையும் பயன்படுத்தியது. எனினும் கருவி, கோட்பாடு, தொழிலாளியின் வாழ்வு, பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி ஆகியன ஒரே பிரச்சினையின் வெவ்வேறு பக்கங்கள் என்பதை ஆலைத் தொழிலாளியின் மகன் உணர்ந்திருந்தார். இவ்வுணர்வே நமது கொள்வனவுக் குழுக்களிற் காணக்கிடைக்காத ஒன்றாகும்.

2. எல்லையும் அதனைக் கடத்தலும்

'உயர்தரம்' என்பதன் பொருளைச் சுருக்கமாகவேனும் விளக்குதல் அவசியமாகும். நுணுக்குக்காட்டியின் திறன் அது எத்தனை மடங்கு உருப்பெருக்குகின்றது என்பதிலேயே தங்கியுள்ளதெனப் பலர் கருதுகின்றனர். உண்மையில், அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகளை அது எவ்வளவு நெருக்கம்வரை வேறுவேறாகப் பிரித்துக் காட்டவல்லது என்பதே முக்கியமானது. இதுவே பிரிவலு எனப்படும். ஒளி அலையாக இயங்குவதாற் கோணலடைகின்றது. எனவே எவ்வளவு திறமையாக வில்லையைச் செய்தாலும், பயன்படுத்தும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ அரைப்பங்கிலும் குறைந்த நுட்பங்களைப் பிரித்துக் காண இயலாது என அபே காட்டினார். பச்சை ஒளியையும் சிறந்த எண்ணெய் அமிழ்வு வில்லையையும் கொண்டு இவ்வெல்லை ஏறத்தாழ 200 நனோமீற்றராகும். மனிதச் செங்குருதிக்கலம் ஒன்றின் விட்டம் ஏழு அல்லது எட்டு மைக்ரோமீற்றர். பற்றீரியம் ஒன்று பொதுவாக ஓரிரு மைக்ரோமீற்றர் நீளமுடையது. இவற்றை நாம் காணலாம். பெரும்பாலான வைரசுகளின் அமைப்பை இவ்வழியாற் காணமுடியாது.

சாதாரண நுணுக்குக்காட்டிக்கு மற்றொரு குறைபாடும் உண்டு. தடித்த இழையம் ஒன்றை நோக்கும்போது, குவியத்திலுள்ள தளத்தின் உருவத்தின்மீது மேலும் கீழும் உள்ள தளங்களின் மங்கலான ஒளியும் வந்து படிகின்றது. 1957இல் மார்வின் மின்ஸ்கி இதற்கு ஒரு தீர்வை முன்வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒளியை ஒரே புள்ளியிற் குவித்து, அப்புள்ளியிலிருந்து மீளும் ஒளியை மட்டும் ஒரு நுண்துளைக்கூடாகச் செல்லவிட்டு, ஏனைய தளங்களின் ஒளியைத் தடுத்துவிடுவதே அத்தீர்வு. இவ்வாறு புள்ளி புள்ளியாகப் பொருள் முழுவதையும் வருடினால், கத்தி படாமலே இழையத்தை மெல்லிய தளங்களாக வெட்டிப் பார்ப்பது போன்ற பயன் கிட்டும். அத்தளங்களை அடுக்கி முப்பரிமாண உருவம் அமைக்கலாம். இலேசரும் கணினியும் வளர்ச்சியுற்ற 1980களின் பிற்பகுதியிலேயே இக்கருத்து ஆய்வுகூடங்களிற் பரவலான கருவியாயிற்று. இன்று பல்கலைக்கழகங்கள் பெற விழையும் 'கொன்போகல்' நுணுக்குக்காட்டி இதுவே. இதனை ஒருங்குகுவிய நுணுக்குக்காட்டி எனத் தமிழில் வழங்கலாம்.

இக்கருவி பெரும்பாலும் புளோரொளிர்வுப் பொருள்களைக் கொண்டே இயங்குவது. கலத்தினுள் நாம் அறிய விரும்பும் புரதத்துக்கு ஒளிரும் அடையாளம் இடப்படுகின்றது. இவ்வடையாளங்களுட் புகழ்பெற்றது சொறிமீன் ஒன்றிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிர்வுப் புரதமாகும். இதற்காக 2008இல் மூவருக்கு இரசாயனவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அப்புரதத்தின் மரபணுவை முதலிற் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஆய்வுக்கான நிதி கிடைக்காத நிலையில் அவர் அம்மரபணுவைப் பின்னர் பரிசு பெற்ற இருவருக்கு இலவசமாகவே அனுப்பினார். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மோட்டார் வாகன விற்பனை நிலையமொன்றில் வாடிக்கையாளரை ஏற்றியிறக்கும் வண்டியைச் செலுத்திக்கொண்டிருந்தார்.

அபேயின் எல்லையும் பின்னர் கடக்கப்பட்டது. இதற்காக 2014இல் எறிக் பெற்சிக், ஸ்ரெபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் நோபெல் பரிசு பெற்றனர். இவர்களுட் பெற்சிக், நிலையான வேலையற்றிருந்த காலத்தில், அவ்வாறே வேலையற்றிருந்த நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து, 2005இல் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையிலேயே தமது முதற் கருவியை அமைத்தார். செல்வம் மிகுந்த நாட்டிலும் அறிவின் ஆக்கம் நிறுவனங்களின் விளிம்பிலிருந்தோரின் உழைப்பிலேயே பலவேளைகளில் தங்கியிருந்தது என்பதற்கு இவை சான்று. விலைமனுவில் ஒரே எண்ணாகத் தோன்றும் விலையினுள் இவ்வளவு மனித உழைப்பும், அவ்வுழைப்புக்குக் கிடைத்த மதிப்பும் கிடைக்காத மதிப்பும் உறைந்துள்ளன.

3. கோப்பி இலையும் பிறர் கண்ணும்

இலங்கையில் நுணுக்குக்காட்டியின் சமூக வரலாறு தோட்டப் பொருளாதாரத்துடன் தொடர்புடையது. 1869இல் மலைநாட்டுக் கோப்பிச் செடிகளின் இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்னும் பங்கசுவியலாளர் அவற்றை ஆராய்ந்து, 'ஹெமிலியா வஸ்தாற்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். இலங்கையின் நோய்க்கு இலங்கைக்கு வெளியிலேயே பெயர் கிடைத்தது.

நோய் தீவிரமடைந்த பின்னர், 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 30 மைக்ரோமீற்றர் அளவுடைய வித்தி ஈரமான இலையில் முளைப்பதையும், அம்முளை இலையின் அடிப்புறத்து இலைவாய்க்கூடாக உள்நுழைவதையும், உள்ளிழையத்தில் இழைகளாகப் பரவுவதையும் அவர் நுணுக்குக்காட்டியின்வழி படிப்படியாகக் கண்டார். காற்றில் வித்திகள் பரவுகின்றன என்பதையும் நிறுவினார். இடைவெளியின்றி மைல் கணக்கில் ஒரே பயிரை நட்டமையே நோயின் பரவலுக்கு வழிவகுத்தது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். தோட்டத் துரைமார் எதிர்பார்த்ததோ ஒரு மருந்து. மருந்து எதனையும் அவராற் கொடுக்க இயலவில்லை. 1882இல் அவர் நாடு திரும்பினார்.

இங்கு இரு விடயங்கள் நம் சிந்தனைக்குரியன. வார்ட் கண்டது சரியாக இருந்தும், ஒற்றைப் பயிர்ச் செய்கையில் முதலீடு செய்த மூலதனம் அவ்வுண்மையைப் பயன்படுத்தும் நிலையில் இருக்கவில்லை. நோயும், உலகச் சந்தையிற் கோப்பி விலையின் வீழ்ச்சியும், 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தமையும் ஒன்றுசேரக் கோப்பி அழிந்தது. ஒற்றைப் பயிர்முறையோ அழியவில்லை. 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை, நூற்றாண்டின் இறுதியில் மூன்று இலட்சம் ஏக்கருக்கும் மேலாக விரிந்தது. கோப்பிக்குப் பருவகாலத் தொழிலாளர் போதுமாயிருந்தனர். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலைக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் தொழிலாளர் வேண்டப்பட்டனர். தமிழகக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் லயங்களிற் குடியமர்த்தப்பட்டமையும், இன்றைய மலையகத் தமிழ்ச் சமூகம் உருவாகியமையும் இம்மாற்றத்துடன் இணைந்தவையே.

மற்றையது, வார்ட்டின் கருவியும் பயிற்சியும் குடியேற்ற ஆட்சியின் தேவைக்கு வந்தவை. தேவை முடிந்ததும் திரும்பிச் சென்றவை. நோயுற்ற இலையை ஒவ்வொரு நாளும் கையாற் தொட்டுக்கொண்டிருந்த தொழிலாளிக்கு அந்நுணுக்குக்காட்டியினூடாக நோக்கும் வாய்ப்பு எவ்வகையிலும் இருக்கவில்லை. ஒரு நாட்டு மக்கள் தம்மைப் பாதிக்கும் நோயைத் தம் கண்ணாற் காணும் ஆற்றலற்றிருப்பதும் அடிமைநிலையின் ஒரு வடிவமேயாகும். உயர்தரக் கருவி ஆடம்பரம் என வாதிடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1946இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. 1990கள் முதலாக வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. இத்தகைய நோய்கள் பற்றிய இழையத் துண்டங்களையும் இலைகளையும் பிறநாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வரும் கட்டுரையில் நன்றிக்குரிய ஒரு பெயராக இடம்பெறுவதுடன் நாம் அமைந்துவிடலாகாது.

4. மலேரியா: பல கண்களின் வெற்றி

எனினும், உயர்தரக் கருவியே அனைத்துக்கும் தீர்வு என்னும் முடிவுக்கு வருதலும் பொருந்தாது. 1934–35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அக்காலத்தில் நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்தினர், பசியும் வறுமையுமே நோயை மரணமாக மாற்றின என்பதை நேரிற் கண்டனர். அவர்களுட் பலர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியின் தோற்றத்திற் பங்குகொண்டனர்.

அந்நோயை வெல்லுவதிற் பூச்சிகொல்லியும் மருந்தும் மட்டுமன்றி, நாடெங்கும் இரத்தப் பூச்சுகளைப் பரிசோதித்த சாதாரண நுணுக்குக்காட்டிகளும் பெரும் பங்கு வகித்தன. எண்ணெய் அமிழ்வு வில்லையுடன் ஆயிரம் மடங்கு உருப்பெருக்கும் நுணுக்குக்காட்டிக்குக் கீழ் ஒவ்வொரு வழுக்கியாக வைத்து, குருதிக்கலத்தினுள் ஒட்டுண்ணியைத் தேடிக் கண்டோர் பெயர் அறியப்படாத தொழினுட்பவியலாளரே. 1963இல் நாடு முழுவதும் பதினேழு நோயாளர் மட்டுமே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதிக் கண்காணிப்புத் தளர்ந்தது. அத்தசாப்தத்தின் இறுதியில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கிற் பெருகியது. மீண்டும் பல தசாப்த உழைப்பின் பின்னரே, 2012உடன் உள்நாட்டுத் தொற்று முடிவுற்று, 2016 செப்தெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிப்படுத்தப்பட்டது.

கருவிகள் 1963க்குப் பின்னரும் இருந்தன; அவற்றுக்குப் பின்னாலிருந்த ஒழுங்கமைந்த உழைப்பே தளர்ந்தது. பல்கலைக்கழகம் உயர்தரக் கருவியைப் பெறும்போது இப்பாடத்தை மறத்தலாகாது. பரந்த அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான சாதாரண நுணுக்குக்காட்டிகளும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் இருந்தாலன்றி, உச்சியில் வைக்கப்படும் ஒரு கருவி காட்சிப்பொருளாகவே எஞ்சும். பாடசாலைக்கா பல்கலைக்கழகத்துக்கா என்னும் வினா ஆதலாற் பிழையாக எழுப்பப்பட்ட ஒன்றாகும்.

5. மாணவர் பயிற்சி: கை, கண், மொழி

மாணவருக்கு இக்கருவி எதனைக் கற்பிக்கவேண்டும்? பொத்தானை அழுத்தி அழகிய வண்ணப்படம் பெறுவதைக் கற்பதற்கு ஒரு பிற்பகலே போதும். பயிற்சி அதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கவேண்டும். மாதிரியை மெல்லியதாக வெட்டுதல், சாயமூட்டுதல், உரிய தடிப்புடைய மூடித்துண்டைத் தேர்தல், 1893இல் ஓகுஸ்ற் கோலர் விளக்கிய முறையில் ஒளியூட்டலைச் சீராக்குதல் ஆகியவற்றைச் சாதாரண நுணுக்குக்காட்டியிற் கைவரப் பெறாத மாணவர், ஒருங்குகுவிய நுணுக்குக்காட்டியில் தவறான உருவத்தையும் சரியென நம்புவர். இலேசரின் வலுவை மிகுதியாக்கினால் ஒளிரும் பொருள் வெளிறிவிடும். உயிருள்ள கலமோ துன்புற்றுத் தன் இயல்பிற் பிறழும். நோக்குதலே நோக்கப்படும் பொருளை மாற்றிவிடும் இந்நிலையை நூலிற் படித்தறிதல் கடினம். கையாற் செய்து, ஒரு மாதிரியையேனும் பாழாக்கியே அறியமுடியும். எனவே மாணவர் தவறிழைப்பதற்கும் கருவியில் நேரம் ஒதுக்கப்படல் வேண்டும்.

இங்கு இலக்கிய ஆய்வாளரும் கூறத்தக்கது ஒன்றுண்டு. ஒருங்குகுவிய நுணுக்குக்காட்டி தரும் உருவம் நேரடிப் பிரதிபலிப்பன்று. புள்ளி புள்ளியாக அளக்கப்பட்ட ஒளிச்செறிவின் எண்களிலிருந்து கணினி அதனை ஆக்குகின்றது. அதிற் காணும் பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் ஆய்வாளர் தெரிவுசெய்து இட்டவை. எத்தளத்தைத் தெரிவது, எவ்வளவு ஒளிர்வுக்குக் கீழ்ப்பட்டதை இருளெனக் கொள்வது, நூறு கலங்களுள் எதனைக் கட்டுரையில் வெளியிடுவது என்பன யாவும் தெரிவுகளே. பிரதி ஒன்றை வாசிக்கும்போது எது கூறப்பட்டது, எது விடப்பட்டது, யார் நிலைநின்று கூறப்பட்டது என நாம் வினவுவதுபோல, இவ்வுருவத்தையும் வினவியே வாசிக்கவேண்டும். உருவங்களைத் திருத்தி வெளியிடும் போக்கினால், 'த ஜேர்னல் ஒஃப் செல் பயோலஜி' என்னும் சஞ்சிகை 2002 முதல், ஏற்றுக்கொள்ளும் கட்டுரைகளின் உருவங்களைப் பரிசோதிக்கத் தொடங்கியமை இவ்வாபத்து கற்பனையன்று என்பதைக் காட்டும். உருவம் யதார்த்தத்தினின்றும் முற்றிலும் விலகியது என்று கொள்வதும் பிழையே. சரியாகக் கையாளப்பட்ட கருவி, நம் விருப்பத்துக்கு மாறான உண்மையையும் நம்முன் வைக்கும். யதார்த்தத்துக்கும் அதன் ஆக்கத்துக்குமுள்ள இவ்வியக்கவியல் உறவைக் கலைமாணவரும் விஞ்ஞான மாணவரும் ஒருங்கே கற்றல் நன்று.

மொழியும் பயிற்சியின் ஒரு பகுதியாகும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழில் வெளியிட்டார். சுதந்திரத்தின் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பிரிவலு, கோணல், இழையம் முதலிய சொற்கள் பாடசாலை வகுப்பறைகளிற் பழகிய சொற்களாயின. உயர்தர வகுப்பில் இச்சொற்களால் உயிரியல் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் அவற்றை மீளக் கற்கின்றனர். ஆங்கிலத்தை விலக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் கருவியின் கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும்போது, ஆங்கிலம் சரளமாகக் கைவந்த ஒருசிலரே அதனருகிற் துணிந்து நிற்பர். கிராமத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த முதல் தலைமுறை மாணவர் பின்வரிசையிலேயே நிற்பர். தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான செயல்முறைக் கையேடு ஒன்றை ஆக்குவதற்கு விஞ்ஞானபீடமும் மொழித்துறைகளும் கூடி உழைக்கலாம். இப்பணிக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

6. தனதாக்குதலின் நிபந்தனைகள்

வாங்கும் விலை முதற் செலவு மட்டுமே. இலேசரும் உணரிகளும் ஆயுள் வரையறையுடையவை; வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் பெருந்தொகை தேவைப்படும். சீரான வெப்பநிலையும் தடையற்ற மின்சாரமும் அதிர்வற்ற தளமும் வேண்டும். நமது ஈரலிப்பான காலநிலையில் வில்லைகளின் மேற்பரப்பிலேயே பங்கசு வளர்ந்து அவற்றைப் பாழாக்குவதுண்டு. உதிரிப்பாகங்களின் விலை டொலரிலேயே கணிக்கப்படுகின்றது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணயமாற்று வீதம் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. அத்தகைய ஆண்டொன்றில் ஓர் இலேசர் செயலிழந்தால், வெளிநாட்டு நிறுவனத்தின் பொறியியலாளரை மட்டுமே நம்பியிருக்கும் பல்கலைக்கழகம் தன் கருவியைத் துணியாற் போர்த்திவைக்கவே நேரிடும்.

ஆதலின் பின்வருவன கருவியுடன் சேர்த்தே கேட்கப்படவேண்டியவை என்பது நமது கருத்தாகும். முதலாவது, நிரந்தரப் பதவியும் உரிய சம்பளமும் பெறும் தொழினுட்பவியலாளர். இவரைப் பேராசிரியரின் உதவியாளராகக் கருதும் மனப்பான்மை மூளை உழைப்பை உடல் உழைப்பினும் உயர்த்திவைக்கும் பழைய வர்க்க, சாதி மனப்பான்மையின் எச்சமே. யேனாவின் வரலாறு இம்மனப்பான்மைக்கு நேரெதிரானது. இரண்டாவது, கருவி ஒரு துறையினதோ ஒரு பேராசிரியரினதோ உடைமையாகாது, ஏனைய பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பொது வசதியாக அமைதல். மூன்றாவது, இளமாணி மாணவருக்கென வாரந்தோறும் ஒதுக்கப்பட்ட நேரம். நான்காவது, திறந்த மென்பொருள்களையும் திறந்த வடிவமைப்புகளையும் கற்றல். அமெரிக்க அரச ஆய்வு நிறுவகமொன்றில் உருவான 'இமேஜ்ஜே' என்னும் உருவப் பகுப்பாய்வு மென்பொருள் எவர்க்கும் இலவசமாகக் கிடைப்பது. முப்பரிமாண அச்சினால் ஆக்கப்படும் 'ஓப்பன்பிளெக்ஷர்' நுணுக்குக்காட்டியைப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களும் தன்சானியாவின் இபகாரா சுகாதார நிறுவகமும் ஒத்துழைத்து மலேரியாப் பரிசோதனைக்கென வளர்த்தன. தன்சானியாவிற் செய்யப்படும் கருவியைத் தன்சானியாவிலேயே திருத்தலாம். இது ஒருங்குகுவியக் கருவிக்கு ஈடாகாதெனினும், கருவியைத் திறந்து அதன் உள்ளமைப்பைக் காணும் துணிவை மாணவருக்குத் தரவல்லது. ஐந்தாவது, எவ்வினாக்களுக்காக இக்கருவி என்பதை முன்கூட்டியே பகிரங்கமாக விவாதித்தல். அவ்விவாதத்தில் விவசாயியின் சிறுநீரகமும் தேயிலைச் செடியின் இலையும், பிறநாட்டுச் சஞ்சிகை விரும்பும் பொருளுக்கு இணையான இடத்தைப் பெறல் வேண்டும்.

இந்நிபந்தனைகள் கொள்வனவைப் பின்போடுவதற்கான சாட்டுகளாகப் பயன்படலாகாது. நமது பல்கலைக்கழகங்களுக்கு உயர்தர ஒளி நுணுக்குக்காட்டிகள் தேவை. அவற்றைப் பொதுப் பணத்தில் தரவேண்டியது அரசின் கடமை. இலவசக் கல்வி என்பது விரிவுரை மண்டபத்தில் ஓர் ஆசனம் தருவதுடன் முடிவதன்று. அறிவை ஆக்கும் சாதனங்களிலும் மாணவருக்குள்ள உரிமையை அது குறிக்கும். 1880இல் நோயுற்ற இலையைச் சுமந்தவர் ஒருவர், அதனை வில்லைக்கூடாக நோக்கியவர் வேறொருவர். இலையைக் கொண்டுவருபவரின் பிள்ளையே அதனை நோக்கி, விளங்கி, தன் மொழியில் விளக்கும் நிலை தோன்றும்போதே ஒரு பல்கலைக்கழகம் நுணுக்குக்காட்டி ஒன்றைப் பெற்றுவிட்டது எனக் கூறமுடியும்.